முதல் பக்கத்தில் அப்பா

அர்ஜுனன் காணாமல் போன நாற்பத்தோராம் நாள் அவர் மகள் கிருஷ்ணவேணி இன்டர்நெட்டில் ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று, பேப்பரில் போட்டோ வந்தாயிற்று, திருத்தணி வரைக்கும் பஸ் பஸ்ஸாக நோட்டீஸ் ஒட்டியாயிற்று. பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஈ காக்காய் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் இருபத்தெட்டு வருஷம் இட்லிக் கடை நடத்திய மனிதர். இரண்டு வருஷமாக ஞாபகம் தவறிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கடையை விட்டு இறங்கி நடந்தார், போனவர் போனவர்தான். அப்போது உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்த பாவத்துக்கு, கிருஷ்ணவேணி தன்னையே திட்டிக்கொள்ளாத நாளில்லை.

வலைப்பூ யோசனை பிரேம்நாத்துடையது. அவளோடு பள்ளியில் படித்தவன், ஒரு பட்டுக்கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவன். அவள் செய்த முதல் காரியமே கோணல். நோட்டீஸை அப்படியே ஸ்கேன் பண்ணிப் படமாக ஏற்றிவிட்டாள். பத்து நாளில் பக்கம் பதினொரு தடவை திறக்கப்பட்டிருந்தது. அதில் ஒன்பது தடவை திறந்தது அவளேதான்.

"படத்துல இருக்குற எழுத்த தேடுற மெஷின் படிக்காதுமா," என்றான் பிரேம்நாத். "எழுத்தா டைப் அடிக்கணும், தலைப்புலயும் அடிக்கணும். அப்பதான் சர்ச்சுல வரும்."

"சர்ச்சுல வந்தா அப்பா கெடச்சிடுவாராப்பா?"

அவன் தன் கடைக்குச் செய்கிற வித்தை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தான். வெள்ளைப் பக்கத்தின் அடியில் வெள்ளை எழுத்தில், காஞ்சிபுரம் பட்டு, முகூர்த்தப் புடவை, புடவை விலை என்று இருநூறு தடவை அடித்து வைப்பது. மனுஷர் கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். இது ஏமாற்று வேலையாயிற்றே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அப்பனைத் தொலைத்தவளுக்கு நியாயமாவது அநியாயமாவது! அடித்தாள்.

எண்ணிக்கை ஏறியது. நாற்பது, முந்நூறு, ஒரே நாளில் தொள்ளாயிரம். தொள்ளாயிரம் பேர் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று பிரௌசிங் சென்டரிலேயே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். மாம்பழக் கலர் இருக்கிறதா? அமெரிக்காவுக்கு அனுப்புவீர்களா? ஒரு புண்ணியவதி, தாத்தா கட்டியிருக்கிற வேட்டி என்ன விலை என்று கேட்டிருந்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

மூன்றாம் வாரம் பக்கமே தேடலில் வரவில்லை. அப்பாவின் பேரை அடித்தாள், ஊரை அடித்தாள், தான் வைத்த தலைப்பை எழுத்து மாறாமல் அடித்தாள். எதிலும் இல்லை.

"வெள்ளை எழுத்தக் கண்டுபுடிச்சுட்டாங்க. ஏமாத்துற பக்கம்னு தூக்கிட்டாங்கமா," என்றான் பிரேம்நாத், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "தப்பு என்னுதுதான். திரும்பச் சேக்கச் சொல்லி எழுதலாம், ஆனா எத்தினி மாசம் ஆவும்னு தெரியாது."

"எங்கப்பாவ ரெண்டாவது வாட்டியும் தொலைச்சுட்டேனே!" கிருஷ்ணவேணி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகை போய் ஆத்திரம் வந்தது. "புடவை தேடுறவளுக்கு எங்கப்பா எதுக்குப்பா? அவர வெச்சுக்கினு சோறு போடுறவங்க யாரோ இருப்பாங்க இல்ல, அவங்க இன்னாத்தப்பா தட்டுவாங்க? பேரு தெரியுமா அவங்களுக்கு? ஊரு தெரியுமா? அவரு வாயிலேருந்து வர்ற வார்த்தையத்தானே தட்டுவாங்க!"

அந்த வார்த்தை எது என்று அவளுக்குத் தெரியும். அவர் கடையில் விற்றது கோயில் இட்லி. மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, அதில் மாவை ஊற்றி அவிப்பது. ஞாபகம் போன பிறகு, எதிரே தட்டு வைத்தால் போதும், இட்லியானாலும் தயிர் சோறானாலும், ஆஸ்பத்திரிக் கஞ்சியானாலும், "மந்தாரை இலை போட்டாச்சா?" என்று கேட்காமல் அவர் கை வைத்ததில்லை. எத்தனை நாள் எரிந்து விழுந்திருப்பாள் அதற்கு!

அன்றைக்கே புதுப் பக்கம் ஆரம்பித்தாள். 'மந்தாரை இலை போட்டாச்சா என்று கேட்கும் பெரியவர் உங்களிடம் இருக்கிறாரா?' என்று தலைப்பு வைத்தாள். அதன் கீழே அதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். ஒரு போட்டோ, ஒரு போன் நம்பர். புடவை என்ற பேச்சே இல்லை. மற்றப் பக்கங்கள் கை காட்டினால்தான் மெஷின் மதிக்கும் என்று பிரேம்நாத் சொன்னான். சமையல் வலைப்பூ எழுதும் நான்கு பெண்களுக்குக் கெஞ்சி எழுதினாள். மூன்று பேர் இணைப்புக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஒரு நாள் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு நாள் ஒருவர், பல நாள் ஒருவருமில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செத்தவருக்காவது திதி உண்டு, இவருக்கு என்ன செய்வது என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். இனி பிரௌசிங் சென்டர் பக்கம் போவதில்லை என்று அவள் வைராக்கியமாக இருந்த ஒரு நாள், கடையில் போன் அடித்தது. மாவுக் கையோடு எடுத்தாள்.

"நான் காளாஸ்திரிலேருந்து பேசுறேன்மா, என் பேரு சம்பூர்ணம். ஆதரவில்லாதவங்க இல்லத்துல வேலை. இங்க ஒரு பெரியவரு நாலு மாசமா, சோறு வெச்சா ஏதோ மந்தாரை இலை போட்டாச்சான்னு கேக்குறாரு. அது இன்னா இலைன்னு பாக்கலாம்னு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தட்டுனேன். அவரு போட்டோவே வந்துதும்மா!"

"உயிரோட இருக்காராம்மா?"

"அட, இருக்காரும்மா. இந்தா, பேசு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"அப்பா! நான்தான்பா, வேணி!"

"வேணிக்குத் தெரிஞ்சவளாம்மா நீ?" அதே குரல், கொஞ்சம் மெலிந்திருந்தது. "நல்லதாப் போச்சு. இவங்க என்னை வெளியவே உட மாட்டேங்குறாங்க. நாலு மணிக்கு வேணிக்கு ஸ்கூல் உட்டுடுவாங்க. தாயில்லாப் புள்ளை. நான் போவலைன்னா கேட்டாண்டயே நின்னு அழும்."

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"நீங்க அங்கியே இருங்கப்பா. வேணிய நான் கூட்டிக்கினு வர்றேன்."

"சீக்கிரம் வாம்மா," என்றார் அர்ஜுனன். "காலைலேருந்து ஒண்ணும் துன்னிருக்காது அது."