மூவருக்கு ஒரு பொன்னாடை

கொரோனா எங்கள் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குள் நோயாளி மூலம் வரவில்லை. பொன்னாடை மூலம் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள். நானும் பிறகு சிரித்தேன். அந்தக் கிழமை சிரிக்கவில்லை.

கண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் சத்திரசிகிச்சை நிபுணர். பெயர் துஷ்யந்தி. கணவரும் மகளும் யாழ்ப்பாணத்தில். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து அவர்களைத் தொலைபேசித் திரையில்தான் கண்டேன். எங்கள் பிரிவில் நான்கு நிபுணர்கள், மற்ற மூவரும் ஆண்கள். பாதுகாப்பு அங்கிக்குள் ஏறினால் தண்ணீர் குடிக்க முடியாது, மூக்கைச் சொறிய முடியாது, வியர்வை கண்ணுக்குள் இறங்கினால் துடைக்க முடியாது. கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனால், வீட்டுக்காரி தவமணி அக்கா கொத்தமல்லி அவித்த போத்தலைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, பேயைக் கண்டவர் போல ஓடிவிடுவார். "உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நாங்க உசுரோட இருக்கோம் டொக்டர்" என்று யன்னலுக்குப் பின்னால் நின்று சொல்வார். புகழ்ச்சிக்குக் குறைவே இல்லை. கிட்ட வரத்தான் ஆளில்லை.

மன அழுத்தத்தைக் குறைக்க என்று எங்களுக்கு இணையத்தில் ஒரு வகுப்பு வைத்தார்கள். மூச்சை உள்ளே இழு, வெளியே விடு. என்-95 முகக்கவசத்துக்குள் எந்த மூச்சை இழுப்பது? எனக்கு வேறு வழி இருந்தது. காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு போவேன். அந்தக் காலத்தில் என் மூளை குழம்பாமல் இருந்ததற்கு அந்தக் கார்தான் காரணம்.

அப்போது நான் அதிகம் திட்டியது கஜலட்சுமிக்காக. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருப்பவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளையெல்லாம் பார்த்துக்கொள்பவள், தன் இடது மார்பில் இருந்த கட்டியைப் பார்க்காமல் விட்டிருந்தாள். என்னிடம் வந்தபோது அது சின்னது. அக்குளில் நெறிக்கட்டி எதுவும் கைக்குப் படவில்லை. உடனே வெட்டினால் போதும் என்று நாள் கொடுத்தேன். அன்றைக்குப் பார்த்துத் தோட்டத்தை முடக்கினார்கள். இரண்டாம் தடவை வந்து படுத்தாள், பி.சி.ஆர். முடிவு வரவில்லை. அது வந்து சேர்ந்தபோது காலாவதியாகியிருந்தது. பாண் பழசாகலாம், மீன் பழசாகலாம். ஒரு மனுசியின் சளி பழசாகிவிட்டது என்று அவளை வீட்டுக்கு அனுப்பினோம். அவசர சிகிச்சைகளைத் தவிர மற்றதெல்லாம் நிறுத்தப்பட்டிருந்த நேரம் அது. ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மூன்றாவதாக ஒரு வியாழக்கிழமையை வாங்கினேன்.

அந்தத் திங்கட்கிழமைதான் பொன்னாடை விழா.

நகரத்து வர்த்தகர் சங்கமொன்று பெட்டி பெட்டியாக முகக்கவசங்கள் தருவதாகச் சொன்னது. கூடவே சத்திரசிகிச்சை நிபுணர்களைக் கௌரவிக்க வேண்டுமாம். எங்களிடம் முகக்கவசம் முடிகிற நிலை. ஐந்து நிமிஷம்தானே என்று பணிப்பாளர் தலையாட்டிவிட்டார். மூன்று பேரை அழைத்தார்கள்: ஒரு தமிழர், ஒரு சிங்களவர், ஒரு முஸ்லிம். இன ஒற்றுமைக்கு அது போதும். நான்காவது ஆள் கணக்கில் வரவில்லை. பொன்னாடைக்கு ஆசையில்லை என்று வார்டில் எல்லோரிடமும் சொன்னேன். பொய். அன்று காரில் நல்லாய்த் திட்டினேன்.

கடைகள் பூட்டியிருந்ததால் சங்கத்துக்கு ஒரே ஒரு பொன்னாடைதான் கிடைத்திருந்தது. அதை முதலில் எங்கள் பிரிவின் மூத்த நிபுணர் யோகேந்திரன் சேருக்குப் போர்த்திப் படம் எடுத்தார்கள். பிறகு அவர் தோளிலிருந்து உருவி அடுத்தவருக்கு. பிறகு மூன்றாமவருக்கு. சங்கத் தலைவர் வீரசிங்கம் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து, "முகம் தெரியட்டும் டொக்டர், மாஸ்க்க மட்டும் கொஞ்சம் எறக்குங்க" என்றாராம். முகக்கவசம் கொடுக்க வந்தவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் போனார். பேசும்போது இடையிடையே இருமினாராம். பனிக்குளிர் என்று அதிமதுரத்தை மென்றுகொண்டாராம். மூன்று நிபுணர்களுக்கும் அது பனிக்குளிராகவே பட்டிருக்கிறது. படித்தவர்கள்.

புதன்கிழமை வீரசிங்கத்துக்குத் தொற்று உறுதியானது. மாலைக்குள் மூன்று பேரும் இரண்டு கிழமைக்கு வீட்டுக்குள் அடைபட்டார்கள். யோகேந்திரன் சேர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அந்தச் சால்வையைக் கொளுத்திப்போட்டன்."

"உங்களிட்டயே இருந்தது?"

"ஓம். மூத்தவர் எண்டு கடைசியில எனக்குத்தான் தந்தவை."

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

பணிப்பாளர் கூப்பிட்டார். இனி நான் ஒருத்திதான், ஆகவே அவசர சிகிச்சை மட்டும், நாளைய ஒப்பரேஷன் ரத்து என்றார். இந்த முறையும் திருப்பி அனுப்பினால் கஜலட்சுமி இனி வரமாட்டாள் என்றேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். "கட்டி அடுத்த மாதம் வரைக்கும் லீவில போகாது சேர்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். பிழையான சிங்களம்தான், ஆனால் விளங்கிவிட்டது. கடைசியில், அவசரக் கேஸ்கள் எல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் செய்யலாம் என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நேரம் மிஞ்சுவதா? வியாழன் விடிந்ததும் கடுகண்ணாவையிலிருந்து வெடித்த குடல்வால் ஒன்று வந்தது. அதை முடித்து அங்கியைக் கழற்றுவதற்குள், முச்சக்கரவண்டி புரண்டு மண்ணீரல் கிழிந்த ஒருவன். ஊரே வீட்டுக்குள் அடங்கியிருக்கும்போது இவன் எங்கே போனான் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் மயக்கத்தில் இருந்தான். கஜலட்சுமி விடியற்காலையிலிருந்து பட்டினியாகத் தியேட்டர் வாசலில் தள்ளுகட்டிலில் கிடந்தாள். நான் கடந்து போகும்போதெல்லாம் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"இன்னிக்கும் இல்லையா டொக்டரம்மா?"

"கொஞ்சம் பொறுங்கோ."

"நான் பொறுப்பேன். வூட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன், இந்த வாட்டி வெட்டாம வரமாட்டேன்னு."

பின்னேரம் மயக்க மருந்து டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் முகம் முழுக்க மூடியிருந்தும் அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "சரி, கொண்டுவாங்க" என்றார்.

கட்டி தசையைப் பிடித்திருக்கவில்லை. அந்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான். அக்குளுக்குள் விரலை விட்டபோது நெறிகள் தட்டுப்பட்டன. இரண்டு மாதத்துக்கு முன் கைக்குப் படாதவை. எல்லாவற்றையும் எடுத்தேன். தைத்து முடித்தேன். அன்று காரில் திட்டவில்லை. அழுதுகொண்டு போனேன்.

இரண்டு கிழமை கழித்து வீரசிங்கமே தொலைபேசி எடுத்தார். சுகமாகிவிட்டாராம்.

"டொக்டர், அன்னைக்கு ஒங்க பேரு விட்டுப்போச்சு. பெரிய தப்பு. மத்தவங்க அடைஞ்சு கெடக்க நீங்க ஒராள் ஆஸ்பத்திரியவே தூக்கி நிறுத்துனீங்களாமே. அடுத்த வியாழன் ஒங்களுக்கு மட்டும் தனியா ஒரு விழா. புதுப் பொன்னாடை. அஞ்சு நிமிஷம்தான்."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனம் குளிர்ந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வார்டில் கஜலட்சுமி தலையணையில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு ஆய்வுகூட முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது. அக்குள் நெறிகளிலும் புற்றுநோய் பரவியிருக்கிறது, இனி மருந்து ஏற்ற வேண்டும் என்றேன். 

"மொத நாளே வெட்டியிருந்தா இது வந்திருக்காதா?"

சுற்றி வளைக்க எனக்கு வரவில்லை. "வராமல் இருந்திருக்கலாம்" என்றேன்.

"மருந்து ஏத்தினா?"

"சுகப்படலாம். இன்னும் பிந்தியிருந்தால் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்."

அவள் கட்டுப்போட்ட பக்கத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேறு பேச்சு எடுத்தாள்.

"பெரிய டொக்டர்மாருக்கெல்லாம் பொன்னாடை போட்டாங்களாமே, நர்ஸ் புள்ள சொல்லுச்சு. ஒங்களுக்குப் போடலியா?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு" என்றாள். "போட்டிருந்தா என்னய யாரு வெட்டியிருப்பா?"

வெளியே வந்து வீரசிங்கத்துக்குப் போன் எடுத்தேன். அடுத்த வியாழன் எனக்கு மூன்று பேர் படுத்திருக்கிறார்கள் ஐயா, உங்கள் பொன்னாடையை நீங்களே போர்த்துக்கொண்டு வீட்டில் இருங்கள் என்று சொன்னேன்.