நான்கில் ஒரு பேட்டரி

வண்டியின் சீட்டைத் தூக்கி, அது திரும்ப விழாமல் துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, அவன் ஸ்பானரை உள்ளே நீட்டியபோது பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மோதிரம்."

"என்ன மோதிரம்?"

"கழட்டு. பேட்டரியில கை வைக்கிறவன் விரல்ல எதுவும் இருக்கக்கூடாது. ரெண்டு முனையிலயும் ஒண்ணா பட்டுச்சுன்னா நொடியில பழுத்துடும். அப்புறம் விரலோட சேர்த்துத்தான் கழட்டணும்."

அவன் கழற்றினான். அவள் கையை நீட்டி வாங்கித் தன் கட்டை விரலில் போட்டுக்கொண்டாள். அங்கேயும் அது லொடலொடவென்று ஆடியது. மூன்று தலையணைகளுக்கு நடுவே சாய்வு நாற்காலியில் கிடந்தாலும், வேலை வாங்குவதில் அவள் ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை.

ஒன்பது வருடம் அவளுக்கு அதுதான் பிழைப்பு. கோல்ஃப் கிளப்பில் நாற்பது மின்சார வண்டிகள். அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றி, பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, கழுவித் துடைத்து அனுப்பும் ஷெட்டுக்கு அவள்தான் பொறுப்பு. பெரிய மனிதர்கள்கூட அவளைச் 'சார்ஜ் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டபோது, கழித்துப் போட்ட வண்டிகளில் ஒன்றைக் கிளப் அவளுக்கே கொடுத்துவிட்டது. கூரையில் விரிசல், ஸ்டியரிங்கில் கிழிசல். மற்றபடி நல்ல வண்டி. நடக்க முடியாமல் போன இந்த மூன்று மாதமும் அதுதான் அவளுக்குக் கால்.

ஆனால் மருந்தின் வேலையோ என்னவோ, வெயில் பட்டால் அவளுக்குக் கண் கூசியது, தோல் எரிந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வர முடியும். அந்த வண்டிக்கோ விளக்கே கிடையாது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள், விளக்கு எதற்கு? விளக்கில்லாத வண்டி ஆறு மணிக்கு மேல் குடியிருப்புச் சாலையில் ஓடக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அதைக் காப்பாற்றவே பிறவி எடுத்தவர்போல வாசலில் ஒரு காவலாளி. வாயில் எப்போதும் ஊதல் இருக்கும். அவள் அவருக்கு வைத்த பெயர் 'விசில்'.

அதனால்தான் இந்த வேலை. முன்னால் இரண்டு விளக்கு, பின்னால் இரண்டு சிவப்பு, ஒரு ஸ்விட்ச், ஒரு ஃப்யூஸ், இரண்டு நிறத்தில் கம்பி. எல்லாம் வந்துவிட்டன. கன்வெர்ட்டர் மட்டும் வரவில்லை.

கன்வெர்ட்டர் இல்லாமல் ஆகாது. வண்டியில் நான்கு பேட்டரிகள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட், சேர்ந்து நாற்பத்தெட்டு. விளக்குக்குப் பன்னிரண்டு போதும். நான்கிலிருந்தும் ஒன்றாக எடுத்து, அதைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுப்பதுதான் அந்தச் சின்ன டப்பாவின் வேலை. அவசரக்காரர்கள் நான்கில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பியை இழுத்து விளக்கைப் போட்டுவிடுவார்கள். எரியும். ஒரு மாதம், இரண்டு மாதம் ஜம்மென்று எரியும். பிறகு அந்த ஒன்று தளர்ந்து மற்ற மூன்றையும் கெடுத்துவிடும். "எவனாவது ஒத்த பேட்டரியில லைட் எடுத்தா கையை ஒடிப்பேன்" என்பது ஷெட்டில் அவள் தினமும் சொல்லும் காலை வணக்கம்.

காலையில் நர்ஸ் வந்து ஊசியின் அளவை மாற்றிவிட்டுப் போனார். கேட் வரை அவன் கூடவே போனான்.

"இனிமே வாரக் கணக்கு இல்ல சார். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க."

அவன் உள்ளே திரும்பி வந்து, "பரவாயில்லைன்னு சொன்னாங்க" என்றான். பிறகு நேரே போய் வண்டியின் சீட்டைத் தூக்கிவிட்டான்.

"கன்வெர்ட்டர் எப்ப வருது?" என்று அவள் இப்போது கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை. அதுக்குள்ள கம்பியெல்லாம் இழுத்து வச்சிடறேன். வந்ததும் மாட்ட வேண்டியதுதான்."

அன்று சனிக்கிழமை. அவள் கட்டை விரல் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஒத்த பேட்டரியில எடு."

"என்னது?"

"காதுல பெயிண்டா? ஓரத்துல இருக்கு பாரு, அதுல எடு. கைக்கு எட்டுறது அதுதான்."

வேதியியல் படித்துவிட்டுப் பெயிண்ட் கம்பெனியில் நிறம் சரிபார்ப்பவன் அவன். அதனால் அவளுக்கு அவன் பெயிண்டர்.

"ஒரு மாசத்துல நாலும் போயிடும்னு நீதானே சொல்வே?"

"ஆமா. ஒரு மாசம் ஆகும்."

சமையலறையில் அவளுடைய அம்மா திறந்து விட்டிருந்த குழாய் நின்றது. அவன் ஸ்பானரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"கடைத்தெருவுல ஒருத்தர் வச்சிருப்பார். ரெண்டு மணி நேரம். போயிட்டு ஓடி வந்துடறேன்."

"ரெண்டு மணி நேரமா?" கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் அதைச் சொன்னாள். "வேண்டாம். இங்கேயே இரு."

அவன் இருந்தான்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. "முதல்ல மெயின் மைனஸைக் கழட்டு. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே வரணும், நாலு முழம் தள்ளி இல்ல. மைனஸைப் பாடியில குடுக்காதே, அதே பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டு வா. தப்புப் பண்றதையும் ஒழுங்காப் பண்ணணும்."

"இந்தச் சிவப்புல கொஞ்சம் ஆரஞ்சு கலந்திருக்கு" என்றான், பின் விளக்கைப் பார்த்து.

"இப்ப அது ரொம்ப முக்கியம்."

அத்தை பால் தம்ளரோடு வந்து நின்றார். "விளக்கைப் போட்டுக்கிட்டு எங்கடி போகப் போறே, இந்த உடம்போட?"

"ஊர் சுத்த. நீயும் வாயேன். பின்னாடி பை வைக்கிற இடத்துல உட்கார்ந்துக்கோ."

"என்னை மூட்டையாக் கட்டிட்டியா?" என்றார் அத்தை. தம்ளரை மகளின் உதட்டருகே பிடித்தார். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவதற்கு அவள் தலையை ஆட்டினாள். அத்தை வற்புறுத்தவில்லை.

ஐந்தரைக்கு அவன் கடைசி முனையை முறுக்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டான். எரிந்தது. அவள் மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா, மாட்டிக்கோ. இதுதான் சாக்குன்னு ஓடிடாதே."

பொழுது சாய்ந்ததும் அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தான். தலையணைகளும் ஏறிக்கொண்டன. தெருவில் இறங்கியதும் அவள் திரும்பாமலே கேட்டாள்: "அம்மா, பின்னாடி எரியுதா?"

"எரியுது, செக்கச்செவேல்னு" என்றார் அத்தை, கேட்டைப் பிடித்துக்கொண்டு.

விசில் தூரத்திலேயே பார்த்துவிட்டு வழக்கம்போல் ஊதினார். பாதியில் ஊதல் வாயிலிருந்து நழுவி மார்பில் தொங்கியது.

"லைட் போட்டாச்சா மேடம்? சொல்லவே இல்லையே!"

"இனிமே யாரைப் பார்த்து ஊதுவீங்க?"

"அதான் பார்க்கறேன். உங்களுக்கு ஊதலேன்னா எனக்குச் சாயங்காலமே இல்ல." சொல்லிவிட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அவளும் தலையணைக்கு மேலே ஒரு விரலை உயர்த்தினாள்.

குளத்தைச் சுற்றி மூன்று சுற்று. சத்தமே இல்லாத வண்டி; சக்கரத்துக்கடியில் சரளைக்கல் நொறுங்குவது மட்டும் கேட்டது. இடது விளக்கு சாலையைக் காட்டியது. வலது விளக்கு கோணிக்கொண்டு மேலே போயிற்று.

"அந்த லைட் மரத்தைப் பார்க்குது" என்றாள்.

"நாளைக்குத் திருப்பிடறேன்."

"வேண்டாம். மரமும் தெரியட்டும்."

இரண்டாவது சுற்றில் அவள் தலை அவன் தோளுக்கு வந்தது. கனமே இல்லை. "நல்லாத்தான் பண்ணியிருக்கே பெயிண்டர்" என்றாள். கல்யாணமான நாளாக அவன் செய்த எந்த வேலையையும் அவள் நல்லா என்று சொன்னதில்லை. சுவரில் ஆணி அடித்தால்கூட வந்து ஆட்டிப் பார்ப்பாள்.

மறுநாள் காலை அத்தை திரைச்சீலையைக் கொஞ்சமாக விலக்கிக் கட்டினார். அவன் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"லைட்டை அணைச்சியா?"

"அணைச்சுட்டேன்."

சரி என்பதுபோல் தலை அசைந்தது. பிறகு மூச்சு நிதானமாயிற்று. நெடுந்தூரம் வந்த வண்டி வீட்டுத் தெருவில் திரும்பியதும் மெதுவாகுமே, அப்படி. ஒன்பதரை வாக்கில் அத்தை கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மகளின் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கினார். அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "போதும்பா" என்று அத்தை சொன்ன பிறகுதான் நிறுத்தினான்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்த மாலையில், கிளப் ஷெட்டிலிருந்து தாடிக்கார மெக்கானிக் ஒருவர் வந்தார். வீட்டுக்குள் உட்கார அவருக்குத் தோதுப்படவில்லை. வெளியே வந்தார். வண்டி நின்றது. கை சும்மா இருக்கவில்லை.

"தண்ணி இருக்கான்னு பார்த்துடறேன் சார்" என்று சீட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"ஐயையோ! யார் சார் இது பண்ணது?"

"நான்தான்."

"ஒத்த பேட்டரியில எடுத்திருக்கீங்களே! மேடம் பார்க்கலையா?"

"தூங்கிட்டிருந்தா" என்றான் அவன். "தெரியாது அவளுக்கு."

"அதானே. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாங்களா?" மெக்கானிக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். துக்க வீடு என்பது அவருக்கு மறந்துபோயிற்று. "உங்களைச் சொல்லிக் குத்தமில்ல சார். புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதான். இங்க பாருங்க. நாலு பேரு ஒரு பீரோவைத் தூக்கிட்டு மாடி ஏறுறாங்க. சரியா? அதுல ஒருத்தன் தோள்ல மட்டும் கூடுதலா ஒரு பையை மாட்டி விட்டா என்ன ஆகும்? முதல் மாடி ஏறிடுவான். ரெண்டாவது மாடியில அவனுக்குக் கால் நடுங்கும். அவன் சாய்ஞ்சா பீரோ அவன் மேல மட்டுமா விழும்? சொல்லுங்க. மட்டுமா விழும்?"

கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டை அவனுக்குத் தெரியும். 'மட்டுமா' என்பதை இரண்டு தடவை சொல்வதையும் தெரியும். சாப்பாட்டு மேசையில் எத்தனையோ ராத்திரி அவள் சொல்ல, கைபேசியைப் பார்த்துக்கொண்டே, அவன் உம் கொட்டிக் கேட்ட கதை.

"புரிஞ்சுதா சார்?"

"இல்ல" என்றான் அவன். துடைப்பக் கட்டையை எடுத்து வந்து சீட்டுக்கு முட்டுக் கொடுத்தான். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான். "முதல்லேர்ந்து சொல்லுங்க."

மெக்கானிக்கும் எதிரே குந்தினார். நான்கு விரல்களை நிமிர்த்திக் காட்டினார்.

"நாலு பேரு சார். ஒரு பீரோ."