அந்தப் பக்கம் காய்த்த அவரை

அடுப்பில் எண்ணெய் காயும்போது பின்கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் நாலு பச்சை மிளகாய் பறித்து வருகிற சுகம் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று தெரியவில்லை. எனக்கு வாய்த்திருக்கிறது. தோட்டம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். துணி துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு மண். அதில் தக்காளி, கத்தரி, மிளகாய், ஓரமாகக் கொஞ்சம் கீரை. தக்காளி இலையைத் தொட்டால் விரலில் ஒரு பச்சை வாசனை ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அந்தக் கையோடு டம்ளரைப் பிடித்துக் காப்பி குடித்தால்தான் எனக்குப் பொழுது விடியும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். தனியாகப் பறித்துத் தனியாகத் தின்றால் பாதி ருசி எங்கேயோ போய்விடுகிறது.

முன்பு இந்தக் கொல்லை இதைப் போல இரண்டு பங்கு இருந்தது. நானும் என் கொழுந்தன் பெண்டாட்டியும் சேர்ந்துதான் எல்லாம் போட்டோம். உறவு முறைக்கு ஓரகத்தி. நான் கூப்பிடுவது குட்டி என்று. அவள் பிறந்த வீட்டிலும் தோட்டம் உண்டு, அதனால் செடி விஷயத்தில் நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். கத்தரிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில் மட்டும் நாங்கள் போட்ட சண்டையை எழுதினால் ஒரு புத்தகம் வரும். மத்தியானம் ஆம்பிளைகள் பட்டறைக்குப் போன பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரிப்போம். உரிப்பது பாதி, பச்சையாகவே வாய்க்குள் போவது பாதி. சட்டிக்கு வருவதற்குள் காய் குறைந்து போயிருக்கும். ஏன் என்று ஆம்பிளைகள் கேட்டால், வெந்ததும் சுண்டிப் போச்சு என்று இரண்டு பேரும் ஒரே குரலில் பொய் சொல்வோம்.

பட்டறை என்றால் வெல்டிங் பட்டறை. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தியது. அதற்குப் புதிதாகப் பெயர்ப்பலகை எழுதப் போனார்கள். எழுதுகிற ஆள், யார் பெயர் முதலில் என்று ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்தான். மூத்தவன் நான் என்றார் இவர். ஆர்டர் பிடித்து வருவது நான் என்றான் அவன். அதுவரை ஒரே தட்டில் தின்ற இரண்டு பேரும் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே சொல்ல முடியாது. இரும்பையே ஒட்டவைத்துப் பிழைக்கிறவர்கள்! மாதம் முடிவதற்குள் பட்டறை இரண்டானது, வீடு இரண்டானது. கொத்தனார் வந்து கொல்லைக்கு நடுவே என் தலைக்கு மேல் உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டுப் போனார்.

நானும் குட்டியும் சண்டையே போடவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. போட்டிருந்தால் ஒரு நாள் சமாதானமாவது ஆகியிருக்கலாம். போடாத சண்டைக்கு என்ன சமாதானம் சொல்வது?

அவள் வந்து பேசுவாள் என்று காத்திருந்தேன். மூத்தவள் நான், அவளல்லவா முதலில் அக்கா என்று கூப்பிட வேண்டும்? கூப்பிடவில்லை. தெருவில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவள் குனியக் குனிய நான் நிமிர்ந்தேன். ரோஷத்தில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கண் கலங்கும்.

அப்படி இருக்கும்போதுதான் சுவரோரமாக அவரை விதை ஊன்றினேன். எங்கள் பக்கம் அடுத்த மாடி வீட்டின் நிழல் விழுகிறது. வெயிலெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். வெயில் இருக்கிற இடத்துக்குத்தான் கொடி போகும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் ஊன்றினேன். இதைப் பேச்சு என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

கொடி விறுவிறுவென்று ஏறி, சுவரின் தலையில் ஒரு கணம்கூட நிற்காமல் அந்தப் பக்கம் குதித்துவிட்டது. இவர் பல் துலக்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"ஏன், தண்ணி ஊத்துறது நீ, காய் மட்டும் அங்கயா? நல்லா இருக்கே உன் நியாயம்."

"செடிக்கு என்னங்க தெரியும் உங்க பஞ்சாயத்து? வெயில் எங்க இருக்கோ அங்க போகுது."

"வெட்டி விட்டுருவேன் பாத்துக்க."

"தாராளமா வெட்டுங்க. அப்புறம் சோத்துக்கு வெல்டிங் ராடைத்தான் வறுத்து வைப்பேன்."

வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். தம்பிக்குக் காய்ச்சல் என்று யாரோ சொன்ன அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுத் தின்னாமல் எழுந்து போன மனுஷன்.

பூக்க ஆரம்பித்தது. சுவர் உச்சியில் நெடுக ஊதாப் பூ; காய் தொங்குவது அந்தப் பக்கம், இங்கிருந்து தெரியாது. காலையில் அதைப் பார்க்கிறபோதே மனசு லேசாகிவிடும். மத்தியானம் அவர்கள் அடுப்படியிலிருந்து தாளிக்கிற வாசனை வரும். இன்றைக்கு அவரைக்காய்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நார் உரிக்கிறாள், ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறாள், சுண்டிப் போச்சு என்று கொழுந்தனிடம் பொய் சொல்கிறாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு என் தட்டில் கை வைப்பேன். என்ன குழம்போ, அன்றைக்கெல்லாம் இரண்டு கை கூடத்தான் சாப்பிட்டேன். எனக்குக் குட்டி வேண்டும். வேறு என்னத்தைச் சொல்ல? சொத்து வேண்டாம், கொல்லையில் பாதி வேண்டாம், கல்லில் பக்கத்தில் வந்து உட்காருகிற ஆள் வேண்டும்.

ஒரு நாள் காய்கறிக் கடைக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் நின்று வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கடைக்கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம், கடைசியில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"அண்ணே, அவரைக்காய் அரைக் கிலோ போடுங்க. நல்ல பிஞ்சாப் பாத்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைக்கு மேல் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது, இவள் கடையில் அவரை வாங்குகிறாள்! அதுவும் என் காதில் விழும்படி! நாக்கின் நுனிவரை வார்த்தை வந்தது. பல்லைக் கடித்து உள்ளே அனுப்பினேன். உங்களுக்கு என்னம்மா வேணும் என்று கடைக்காரர் கேட்டதற்கு, எதிரே இருந்த பாகற்காயைக் கை காட்டி வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் சில வாரங்களில் சுவர் உச்சியில் பூ குறைய ஆரம்பித்தது. பூச்சியோ என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அடியைக் கொத்திவிட்டேன், சாம்பல் தூவினேன். கொடி கொழுகொழுவென்றுதான் இருந்தது. பூ மட்டும் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு காலையில் பார்த்தால் சுத்தமாக ஒன்றும் இல்லை.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவரையின் குணம் அதை வளர்த்தவர்களுக்குத் தெரியும். பிஞ்சைப் பறித்துக்கொண்டே இருந்தால் விடாமல் பூக்கும். பறிக்காமல் முற்றவிட்டால், விதை சேர்ந்துவிட்டது, வந்த வேலை முடிந்தது என்று பூப்பதை நிறுத்திவிடும். அப்படியென்றால் அந்தப் பக்கம் யாரும் பறிக்கவில்லை. ஒரு காயைக்கூட அவள் தொடவில்லை. நான்தான் யார் வீட்டுத் தாளிப்பு வாசனையையோ மோந்துகொண்டு மத்தியானமெல்லாம் கனவு கண்டிருக்கிறேன். கொடுத்ததை வேண்டாம் என்று அவள் சொல்லியே விட்டாள். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் எழுந்தபோது துக்கம் போய்க் கோபம் வந்திருந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான். இவர் பட்டறைக்குக் கிளம்பியதும் தண்ணீர் டிரம்மைச் சுவரோரம் உருட்டிக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஸ்டூலை வைத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு இது வேண்டாத வேலைதான். சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

சுவர் முழுக்கக் காய்ந்த நெற்று. பழுப்பு நிறத்தில் காற்றுக்குக் கலகலவென்று ஆடின. ஆனால் கொடி அநாதையாகக் கிடக்கவில்லை. ஆணி அடித்து, பழைய புடவையைக் கிழித்து, கிளை கிளையாக இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு மஞ்சள் இலை இல்லை. கீழே மணைப்பலகை போட்டு, மடியில் கீரைத் தட்டோடு குட்டி உட்கார்ந்திருந்தாள். திடுக்கிடவில்லை. அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாய் திறந்துகொண்டது.

"ஏன்டி, உனக்கு அறிவிருக்கா? இத்தனை காயையும் முத்த விட்டிருக்கியே! வேண்டாம்னா வெட்டி எறிஞ்சிருக்க வேண்டியதுதானே? கடையில போயி அரைக் கிலோ வாங்கத் தெரியுது, தலைக்கு மேல தொங்குறது கண்ணுல படலையா? கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவள் எழுந்திருக்கவில்லை. உதடு சிரித்தது, கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்கக்கா."

"என்னடி சொல்ற?"

"நானாப் போயி உங்ககிட்டப் பேசமாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேன்க்கா, சுவர் வச்ச அன்னைக்கே. நீங்க பேசினா பதில் சொல்லக் கூடாதுன்னு அவரு கேக்கல, நானும் ஞாபகப்படுத்தல. நீங்களாப் பேசுவீங்கன்னு பாத்தா, தெருவுல மகாராணி மாதிரி நிமிந்துக்கிட்டுப் போறீங்க."

"அதுக்காகக் கடையில அவரை வாங்குவியா?"

"உங்களுக்குக் கேக்கணும்னுதான் கத்தினேன். அங்கயே என்னை நாலு வாங்கு வாங்குவீங்கன்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா பாகற்காயத் தூக்கிட்டுப் போறீங்க. உங்க வீட்டுல யாருக்கா பாகற்காய் திங்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கேட்க வேண்டியது இன்னொன்று பாக்கி இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"அப்ப நீ ஒரு காயும் பறிக்கலையா?"

"யாரு சொன்னா? கடைக்கு வந்த அன்னைக்கு வரைக்கும் தினமும் பறிச்சேன். பாதி பச்சையாவே தின்னேன். அதுக்கப்புறந்தான் நிறுத்தினேன்." கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பறிச்சுக்கிட்டே இருந்தா அது பூத்துக்கிட்டே இருக்கும்க்கா. நீங்களும் குட்டி சாப்பிடுறான்னு நிம்மதியா இருந்துருவீங்க. காலம் பூரா அப்படியே இருந்துருவீங்க. பூ நின்னு போச்சுன்னா உங்களால பொறுக்க முடியாது. ஏறி எட்டிப் பாப்பீங்கன்னு தெரியும். அதான் மனசக் கல்லாக்கிக்கிட்டு ஒவ்வொண்ணா முத்த விட்டேன். தினமும் இந்த நேரத்துக்கு இங்க வந்து உக்காந்துக்குவேன்."

என்னை இவ்வளவு தெரிந்த ஒருத்தியை இத்தனை நாளாகத் தெருவில் யாரோ மாதிரி கடந்து போயிருக்கிறேன். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஸ்டூல் ஆடியது.

"கால் நடுங்குதுடி. இறங்கிடுறேன்."

அவள் பதறி எழுந்தாள். மணைப்பலகையைச் சுவரோரம் தள்ளி அதன்மேல் ஏறி, நெற்றுகளுக்கு நடுவே கையை நீட்டி என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்காதீங்கக்கா. கொஞ்ச நேரம் இருங்க. இறங்கினா மறுபடியும் சுவருதானே தெரியும்."

எங்கள் வீட்டு வாசலில் யாரோ கேட்டைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று நின்றேன்.