அட்டைக் கீபோர்டு

தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அந்த வருஷம் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். கம்ப்யூட்டர் பாடத்தில் தேறாதவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கிடையாது. சட்டம் போட்ட புண்ணியவான்கள் வாங்கியதோ ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதையும் ஏ.சி. அறையில் பூட்டி, பெற்றோர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து வாய் பிளக்க விட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அட்டை. அதில் கீபோர்டு படம் ஒட்டியிருந்தது.

அருள்மேரி அந்த அட்டையில்தான் தட்டிப் பழகினாள். அழுத்தினால் படம் கிழியும். கிழிந்தால் கம்ப்யூட்டர் வாத்தியார் ஜெயவேலு சாரின் மரஸ்கேல் விரல் முட்டியில் விளிம்பால் இறங்கும்.

"தொட்டாப் போதும்டி! அட்டை இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?"

பாவி மனுஷன், ஒரு நாள் அவள் விரல் ரத்தம் அட்டையில் சொட்டியதற்கும் சேர்த்து அடித்தார்.

வீட்டில் அப்பா சவுரிமுத்து அவருக்கும் மேல். பல்லாவரம் தோல் கம்பெனியில் ரசாயனம் பட்டுக் கை வெந்துபோனவர். "பெயிலாகி வந்துகினு நின்னே, நாளைக்கே உன்னியும் கம்பெனில சேத்துடுவேன்" என்று பெல்ட்டை உருவிக் காட்டினார். காட்டியதோடு நிற்கவும் இல்லை. அருள்மேரிக்கு நர்ஸ் படிப்பில் உயிர். சான்றிதழ் இல்லாமல் அது நடக்காது.

செய்முறைத் தேர்வன்றுதான் முதல்முறையாக அந்த ஏ.சி. அறைக்குள் போனாள். தேர்வு வைக்க வெளியிலிருந்து வந்திருந்த கனகவல்லி மேடம், "உன் பேரை டைப் பண்ணும்மா" என்றார். எந்த எழுத்து எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தொட்டாள். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தொட்டாள்.

"அழுத்தும்மா."

அழுத்த நினைத்ததுமே அடி வாங்கிய விரல் முட்டி வலித்தது. விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. பின்னால் நின்ற ஜெயவேலு சாருக்கு மேடம் முன்னால் மானம் போனது. ஸ்கேலை ஓங்கி அதே முட்டியில் இறக்கினார்.

"அழுத்துடி, சனியனே!"

இத்தனை நாள் அழுத்தியதற்கு அடித்த மனுஷன்! அருள்மேரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இரண்டு முஷ்டியாலும் கீபோர்டைக் குத்தினாள். பட்டன்கள் தெறித்து, கை கிழிந்து ரத்தம் வழிந்த பிறகும் குத்தினாள். தடுக்க வந்த சாரின் வாயில் கீபோர்டைப் பிடுங்கி அறைந்தாள். பல் ஒன்று தரையில் விழுந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்தார். மேடம் கத்திக்கொண்டே வெளியே ஓடினார்.

சான்றிதழ் போயிற்று. நாளைக்குத் தோல் கம்பெனி. அது அவளுக்கும் தெரியும். மூச்சு வாங்க, திரையை நிமிர்ந்து பார்த்தாள். திரை முழுக்க எழுத்து. அதில் எங்காவது தன் பெயர் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.