நன்றி சொல்லும் தொட்டி

மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறையின் தலைவிக்கு ஆபீசில் வைத்திருந்த பட்டப்பெயர் சைரன். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் மேடம்தான். மேடம் வெளியே போய், கதவு சாத்தி, லிஃப்ட் கீழே இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் சைரன். ஆனாலும் விஷயம் அவள் காதுக்கு எட்டாமல் இல்லை. உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஊரெல்லாம் கேட்கிற குரல் என்றால் சும்மாவா?

நிஜமாகவே ஊரெல்லாம் கேட்டது. நகரத்தை ஸ்மார்ட் ஆக்கியே தீருவேன் என்று ஆணையர் ஒற்றைக்காலில் நின்றதில், தெருமுனைக்குத் தெருமுனை புதுக் குப்பைத்தொட்டிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆள் கிட்டே போனால் மூடி தானாகத் திறக்கும். உள்ளே ஏதாவது விழுந்தால், "நன்றி. உங்களைப் போன்றவர்களால்தான் இந்த நகரம் அழகாகிறது" என்று ஒரு பெண்குரல் சொல்லும். வெறுங்கையோடு போனால் மூடி மட்டும் திறக்கும், குரல் வராது. எந்தத் தொட்டி எத்தனை முறை திறந்தது, எது நிரம்பி வழிகிறது என்பதெல்லாம் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் வந்து விழும். அந்தப் பெண்குரல் சைரனுடையது. குரல் கொடுக்கத் தனியாக ஆள் தேட ஆணையருக்குப் பொறுமை இல்லை. "நம்ம மேடம் குரலே கணீர்னு இருக்கு, அப்புறம் என்ன?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பதிவு செய்ய வந்தவன், தொட்டிகளை விற்ற கம்பெனியின் இளம் இன்ஜினியர். கழுத்தில் எந்நேரமும் ஒரு பென்டிரைவ் தொங்குவதால் அவனுக்குப் பெயரே பென்டிரைவ் என்றாகிவிட்டது. மைக்கை நீட்டி, "வீட்டுல பேசற மாதிரி இயல்பா சொல்லுங்க மேடம்" என்றான்.

சைரன் இயல்பாகச் சொன்னாள். பென்டிரைவ் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டான்.

"மேடம், நன்றிதானே சொன்னீங்க?"

"ஆமா. ஏன், காது கேக்கலையா?"

"கேக்குது மேடம். நல்லாவே கேக்குது. வீட்டுல பேசற மாதிரி வேண்டாம். யாரோ முன்பின் தெரியாதவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லிடுங்க."

அப்படிச் சொன்னதும் குரல் குழைந்துகொண்டு வந்தது. அதைத்தான் ஊர் முழுக்கத் தொட்டிகளில் ஏற்றினார்கள்.

ஊருக்கே நன்றி சொன்ன அந்தக் குரல், சொந்த வீட்டில் மட்டும் சில வாரங்களாக நின்றுபோயிருந்தது. அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறையில்தான் மெஷின். வீட்டுக்கு வீடு கொடுத்த இரண்டு கூடைகளில் ஒன்று ஈரக் குப்பைக்கு, ஒன்று காய்ந்த குப்பைக்கு. ஒருநாள் ஏதோ யோசனையில் காய்கறித் தோலை மாற்றிப் போட்டுவிட்டார். கூடையில் இருந்த சென்சார் விடுமா? கட்டுப்பாட்டு அறைத் திரையில் 'விதிமீறல்' என்று சிவப்பு எழுத்தில், வீட்டு முகவரியோடு, ஆணையர் பக்கத்தில் நிற்கும் நேரமாகப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. "இது உங்க வீடு இல்ல மேடம்?" என்றார் ஆணையர். சைரன் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தாள். தையல்காரர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுக்குள்ள வரும்போதாவது ஆபீசை வெளிய விட்டுட்டு வரக்கூடாதா?" என்று கேட்டுவிட்டார். "இனிமே உங்ககிட்ட நான் பேசினா என்னன்னு கேளுங்க" என்றாள் சைரன். அதுதான் அவருடன் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

பேசுவதில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சைரன் ஃப்ரிட்ஜிடம் பேசினாள். "காப்பி ஆறிக்கிட்டு இருக்கு, குடிக்கறவங்க குடிக்கலாம்" என்பாள். தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து, "குடிச்சாச்சு" என்பார். இந்த ஏற்பாட்டில் சமையலறைக்கும் முன்னறைக்கும் போக்குவரத்து ஒழுங்காக நடந்தது. முதலில் நேராகப் பேசுகிறவர் தோற்றவர். தோற்க இரண்டு பேருக்கும் மனசில்லை.

இப்படி இருக்கும்போதுதான் திரையில் அந்த அதிசயம் தெரிந்தது. அவள் வீட்டுக்கு அடுத்த தெருமுனைத் தொட்டி விடாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்ற தொட்டிகளெல்லாம் சேர்ந்தால்கூட அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மூடி எத்தனை முறை திறக்கிறதோ அத்தனை 'மக்கள் பங்கேற்பு' என்று நகரங்களுக்கு மதிப்பெண் போடுகிற முறை ஒன்று இருந்தது. ஒரே ஒரு தொட்டியின் புண்ணியத்தில் இந்த நகரம் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆணையருக்குத் தலைகால் புரியவில்லை.

"தொட்டியில ஏதோ கோளாறு சார்" என்றாள் சைரன். "கழற்றிப் பாத்துடலாம்."

"கை வெச்சீங்க, தொலைஞ்சோம்!" என்று அலறினார் ஆணையர். "தலைநகர்லேருந்து மதிப்பெண் போடற குழு வருது மேடம். அந்தத் தொட்டியை நேரடியாத் திரையில பாக்கணுமாம். அன்னிக்கு ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, நீங்க கீழ்த்தளத்துல பழைய ஃபைல் ரூமுக்குப் போயிடலாம்."

பழைய ஃபைல் அறையில் ஜன்னல் கிடையாது, மின்விசிறி கிடையாது, அதட்டுவதற்கு ஒரு ஆள்கூடக் கிடையாது. எத்தனையோ வருஷம் கவுன்டர் கவுன்டராக உட்கார்ந்துதான் சைரன் இந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். இது போனால் அவளுக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

குழு வருவதற்கு முந்தின நாள், குப்பை லாரி ஓட்டுகிறவர் ஒரு சின்னப் பையோடு மேலே ஏறி வந்தார்.

"மேடம், நீங்க கேட்டீங்களே அந்தத் தொட்டி, அதுல குப்பையே இல்ல. இவ்வளவுதான் இருந்துச்சு" என்று பையை மேஜையில் கவிழ்த்தார்.

எல்லாம் துணித் துணுக்குகள். நகம் அளவுக்கு, அழகாக, சதுரம் சதுரமாக வெட்டியவை. அதில் நீலக் கட்டம் போட்ட துணியைப் பார்த்ததும் சைரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று சாயங்காலம் அது அவள் வீட்டு மெஷினில் சட்டையாகிக்கொண்டிருந்தது.

ஆக, கோளாறு தொட்டியில் இல்லை, வீட்டில். என் சென்சார்தானே அவரைக் காட்டிக்கொடுத்தது, அதற்குப் பழிவாங்கத்தான் இப்படி ஒவ்வொரு துணுக்காகப் போட்டு என் சிஸ்டத்தையே பைத்தியமாக்குகிறார் என்று அவள் தீர்மானமே செய்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். 'நாளைக்கு ஒருநாள் மட்டும் போகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை யாரிடம் சொல்வது? நேராகச் சொன்னால் தோற்றுப்போவாளே!

ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்துச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல யாரும் குப்பை போட வெளிய போக வேண்டாம்."

முன்னறையில் தையல்காரர் இஸ்திரிப் பெட்டியிடம் பதில் சொன்னார். "குப்பையைப் போடுங்கன்னும் அவங்கதான் சொல்றாங்க. போடாதீங்கன்னும் அவங்கதான் சொல்றாங்க. என்ன நிர்வாகமோ!"

சைரன் ஃப்ரிட்ஜ் கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே எதுவோ உருண்டது.

மறுநாள் காலையில் குழு வந்தது. மூன்று பேர். அதில் தலைவர் யார் என்பது, மற்ற இரண்டு பேரும் அவர் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்ததில் தெரிந்தது. மூக்கு நுனியில் கண்ணாடி, எதற்கும் சிரிக்காத முகம். அந்தத் தெருமுனைக் கம்பத்துக் கேமராவுக்கு அதுவரை இணைப்பே இல்லை. குழு பார்க்கிறதே என்று பென்டிரைவ் அப்போதுதான் கொடுத்திருந்தான். போதாதென்று, மக்கள் புகார் சொல்வதற்காகத் தொட்டியில் வைத்திருந்த மைக்கையும் திறந்துவிட்டான். "சத்தத்தோட பாக்கலாம் சார்" என்றபோது அவனுக்கு வாயெல்லாம் பல்.

திரையில் தெருமுனை வந்தது. தொட்டி வந்தது. கொஞ்ச நேரத்தில், கழுத்தில் அளவெடுக்கும் டேப்போடு தையல்காரரும் வந்தார்.

"இவர்தான் சார் நம்ம விழிப்புணர்வுக் குடிமகன்!" என்றார் ஆணையர். சைரன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தார். மூடி திறந்தது. போட்டார். "நன்றி. உங்களைப் போன்றவர்களால்தான் இந்த நகரம் அழகாகிறது" என்றது தொட்டி.

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்றார் தையல்காரர். "சாப்பிட்டியா?"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சைரன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நேத்தும் பேசல" என்று தொட்டியிடம் தொடர்ந்தார் அவர். "ஃப்ரிட்ஜ்கிட்டதான் பேசினா. கொடுத்துவெச்ச ஃப்ரிட்ஜ். தப்பு என்மேலதான், தோலை மாத்திப் போட்டது நான்தான். சாரி சொல்லிடலாம்னு பாக்கறேன், மூஞ்சியைப் பாத்தா பயமா இருக்கு." சட்டைப்பையைத் துழாவி நீலக் கட்டம் போட்ட இன்னொரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுதான் கடைசி. இனிமே கஸ்டமர் சட்டையிலதான் கை வைக்கணும். என்ன பண்றது, குரலைக் கேக்காம இருக்க முடியல. வீட்டுல கேக்கல, இங்க கேக்குது. அதான் வந்து வந்து போறேன்."

பழிவாங்கலாவது, மண்ணாவது! இந்த மனுஷன் தன் பெண்டாட்டியின் குரலைக் கேட்க நல்ல துணியை நகம் நகமாக வெட்டிக்கொண்டிருக்கிறார். அவளோ அதைக் கோளாறு என்று நினைத்துக் கழற்றிப் பார்க்கக் கிளம்பினாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"யார் இவர்? யார்கிட்ட பேசறார்?" என்றார் குழுத்தலைவர்.

ஆணையர் சைரனைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் எதுவும் வெளியே வராது. முதலிடம் நிலைக்கும், நாற்காலியும் நிலைக்கும். கடைசித் துணுக்கையும் போட்டுவிட்டு அந்த மனுஷர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். தெருமுனையில் தையல்காரர் கையை நீட்டினார். மூடி திறந்தது.

தொட்டி வழியாகப் புகார் சொல்பவர்களுக்குப் பதில் பேச மேஜையில் வைத்திருந்த மைக்கின் பொத்தானை சைரன் அழுத்தினாள்.

"ஏங்க!"

தெருமுனையில் தையல்காரர் துள்ளி விழுந்தார். கட்டுப்பாட்டு அறையிலும் ஒன்றிரண்டு பேர் துள்ளினார்கள்.

"நடுரோட்டுல நின்னு குப்பைத்தொட்டிகிட்ட என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு? போதும். வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் வந்து நானே பேசறேன்."

தையல்காரர் தொட்டியையே வாய் பிளந்து பார்த்தார். மூடிக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் முகமெல்லாம் அசடு வழிய, "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, கடைசித் துணுக்கைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"அவர் என் வீட்டுக்காரர் சார்" என்றாள் சைரன். "மூடி அத்தனை தடவை திறந்தது அவரால. தொட்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு என்கிட்டதான்." ஃபைல் அறைக்குப் போகும்போது கைவிசிறி ஒன்று எடுத்துப்போக வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அவர் வீட்டில் எந்தச் சாமானிடம் பேசுகிறார்களோ, யார் கண்டது?

"அப்போ முதலிடம் கிடையாது" என்றார். ஆணையர் நாற்காலியில் சரிந்தார். "ஆனா ஒண்ணு கவனிச்சேன். தொட்டி நன்றி சொன்னப்ப அந்த ஆள் நகரவே இல்ல. அதட்டினதும் உடனே கிளம்பிட்டார். இப்படி ஆளைப் பாத்துப் பேசற தொட்டி வேற எந்த ஊர்லயும் இல்ல. எல்லாத் தொட்டியிலயும் இந்த அதட்டல் குரலை ஏத்துங்க. மேடம் இங்கயே இருக்கட்டும்."

"அதுக்குத்தான் சார் நாங்களே திட்டம் போட்டு..." என்று ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் சைரன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். இரண்டு பேருக்கும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் சட்டைப்பையிலிருந்து அந்த நீலத் துணுக்கை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, காத்துக்கொண்டு நின்றார்.

"நன்றிங்க" என்றாள் சைரன்.

இரண்டு நாள் கழித்துப் பென்டிரைவ் மைக்கோடு வந்தான். இந்தத் தடவை அவனுக்குக் கவலையே இல்லை. ஹெட்போனை முன்ஜாக்கிரதையாகக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான்.

"மேடம், இப்ப வீட்டுல பேசற மாதிரியே பேசுங்க."

சைரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினாள். பென்டிரைவ் ஹெட்போனைக் காதோடு அழுத்தினான். திரும்பப் போட்டுக் கேட்டான். முகம் விழுந்துவிட்டது.

"என்ன மேடம், குழைஞ்சுக்கிட்டு வருது? பழைய நன்றியே தேவலாம் போலிருக்கு. வீட்டுல பேசற மாதிரி கேட்டேனே!"

"வீட்டுல ரெண்டு நாளா இப்படித்தான் பேசறேன்" என்றாள் சைரன். கொஞ்சம் யோசித்தாள். "ஒரு வாரம் கழிச்சு வாங்க தம்பி. பழைய குரல் தானா வந்துடும்."