மிச்சக் கரு

ஓரகத்தி தமிழ்மதிக்குப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து ராஜகுமாரிக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை மறைக்க அவள் பெரிதாக மெனக்கெட்டதும் இல்லை. பிள்ளை வேண்டி இருவரும் போனது மதுரையில் ஒரே ஆஸ்பத்திரி, பார்த்தது ஒரே டாக்டரம்மா. மூத்தவள் ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடுதான் மலைமேல் இருக்கும் ஊருக்குத் திரும்பினாள். இளையவளுக்கு முதல் தடவையே இரட்டை, ஆணும் பெண்ணுமாக. கடவுள் ஓரவஞ்சனை செய்வதிலும் ஓர் அளவு வேண்டாமா?

அன்று இருவரும் விதைப்பூண்டைப் பல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டும் ராஜகுமாரியின் விதை அந்த வருஷம் அழுகிப்போனது. தமிழ்மதி தன்னுடையதில் ஒரு கூடை கொண்டுவந்து இறக்கினாள். அவர்களுடைய மலையூரான போளூரில் அப்படித்தான். விதை போனவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை, மிச்சம் வைத்திருப்பவர் தானாகக் கொடுத்துவிட வேண்டும். அதிலும் ராஜகுமாரிக்கு எரிச்சல்தான். இவளுக்கு எதிலும் மிச்சம்.

"அக்கா, ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு" என்றாள் தமிழ்மதி. "எங்க கரு மூணு ஐஸ்ல மிச்சம் கெடக்குல்ல, அத என்ன செய்யன்னு கேக்குறாங்க. வேணாம்னா அழிச்சிருவாங்களாம். இல்லாட்டி ஆராய்ச்சிக்குக் குடுக்கலாமாம். அதுல இருந்து ஸ்டெம் செல் எடுத்து, தண்டுவடம் அடிபட்டவுகளுக்கு வைத்தியம் கண்டுபிடிக்கப் பாக்குறாங்களாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"பெத்தவ பிள்ளைய வெட்டிப் பாக்கக் குடுப்பாளா? உசுராச்சே அது."

உயிரைப் பற்றி ராஜகுமாரி அதுவரை அப்படிக் கவலைப்பட்டவள் இல்லை. தமிழ்மதி அன்று ராத்திரி தூங்கக் கூடாது, அவ்வளவுதான்.

தமிழ்மதியின் முகம் சுண்டியது. "ஊசி முனையளவுகூட இல்லக்கா. உசுரா இல்லையான்னு டாக்டரம்மாவுக்கே முடிவாச் சொல்லத் தெரியல. வீணா அழியிறதுக்கு, நடக்க மாட்டாதவுக நாலு பேரு நடக்கட்டுமேன்னு உங்க கொழுந்தன் சொல்றாரு."

நியாயமான பேச்சு. அதனாலேயே ராஜகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல நாளாக நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டே விட்டாள்.

"எனக்குக் குடேன், மதி. நான் சுமக்குறேன்."

தமிழ்மதியின் கை நின்றது. வாசலில் இரட்டைப் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது.

"அதுக்குச் சட்டத்துல எடமிருக்காதுக்கா."

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

தமிழ்மதி இன்னொரு பூண்டை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"நீ கேக்கவே இல்ல."

"கேக்கலக்கா." தமிழ்மதி தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்டு, செய்யலாம்னு சொல்லிட்டாங்கன்னா? என் மக மூஞ்சியோட ஒரு பிள்ள உங்க வாசல்ல நிக்கும். உங்கள அம்மான்னு கூப்பிடும். அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதுக்கா. மொகந்தெரியாதவுகளுக்குன்னா குடுத்திருவேன்."

ராஜகுமாரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் தன்னோடு கிடந்த எரிச்சல் அந்த முகத்திலும் இருந்தது. பிறக்காத பிள்ளைக்காக இவள் தன்மேல் பொறாமைப்படுகிறாள். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம், ஆனால் இல்லை.

பிரித்த பல்லையெல்லாம் கூடையில் அள்ளிப் போட்டு, தமிழ்மதியின் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இதையும் அந்த மொகந்தெரியாதவுகளுக்கே குடுத்திரு."

அந்தப் போகம் ராஜகுமாரியின் பூண்டுக் காடு வெறுமனே கிடந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம் விதை கிடைக்கவில்லை என்றாள். போளூரில் அதை யாரும் நம்பவில்லை.