நான்காம் சந்திப்பின் கடைசி வரி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அண்ணி வாய்தவறிச் சொன்னதைப் பொறுக்கிக்கொண்டேன். அவர் மனநல ஆலோசகர். "பேரு, ஊரு எதுவும் வரக்கூடாது. வந்துச்சுன்னா அப்புறம் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே" என்ற மிரட்டலோடுதான் அனுமதி கிடைத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஐந்து நாடுகளின் உளவியலாளர்கள் மனநலச் சேவையை மேம்படுத்தும் பொருட்டு ஒன்றுகூடி...

(அடித்துவிட்டேன். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.)

2

விஷயம் எளிது. ஐந்து நாடுகளிலும் ஆலோசகர்கள் பற்றாக்குறை. அதனால் ஒருவரிடம் வரும் நோயாளியின் பேச்சை, அவர் சம்மதத்தோடு, பெயரை மறைத்து மற்ற நால்வரும் படிப்பார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து உண்டா என்று கூடிச் சொல்வார்கள். தமிழ்ப் பேச்சை ஆங்கிலமாக்குவது அண்ணியின் வேலை.

நோயாளி ஒரு தையல்காரர். (உண்மையில் வேறு தொழில். கை சும்மா இருக்காத மனிதர் என்பதால் தையல் பொருந்துமென்று நினைத்தேன். இன்னும் சந்தேகம்தான்.)

முதல் மூன்று சந்திப்பிலும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவர், நான்காவதில் கலகலப்பாக இருந்தார். நன்றாகத் தூங்கினேன், பசிக்கிறது என்றார். படித்த நால்வரும் ஆபத்தில்லை என்று எழுதினார்கள். அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

3

மறுநாள் காலை, காணொளிக் கூட்டம். திரையில் இருந்த நரைத்தாடிக்காரர் கேட்டது, அண்ணியின் தமிழில்: "நாலு தடவையும் கடைசி வரி ஒண்ணாவே இருக்கே. கிளம்பும்போது மனுஷன் மாத்திப் பேசவே மாட்டாரா?"

"எங்க ஆளுங்க அப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே அண்ணி ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்.

முதல் மூன்றிலும், "போயிட்டு வரேன் மேடம்."

நான்காவதில், "அப்ப நான் போறேன் மேடம்."

நான்கையும் ஆங்கிலத்தில் ஒரே வரியாக்கியது அண்ணியேதான்.

"சின்னப் பிள்ளை போறேன்னு சொன்னாக்கூட அதட்டுவோம். எனக்குக் காதுல விழலையே!" என்னிடம் சொல்லும்போது அண்ணி அழுதுவிட்டார்.

அண்ணி விளக்கியதும், "முதலில் அவரைக் கூப்பிடுங்கள்" என்றார்கள் நால்வரும். யாரும் திரையை விட்டுப் போகவில்லை. அண்ணி அவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

4

முடிவு ஒன்று: தையல்காரரே எடுக்கிறார். "என்ன மேடம், எதாச்சும் விட்டுட்டு வந்துட்டேனா?"

முடிவு இரண்டு: அவர் மனைவி எடுக்கிறார். பின்னால் பலர் பேசும் சத்தம். அவர்

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு ஐவரும் கடைசி வரியை மட்டும் மொழிபெயர்ப்பதில்லை. சொன்னபடியே எழுதி, பக்கத்தில் விளக்கம் போடுகிறார்கள்.

"முடிவை எழுதட்டுமா அண்ணி?"

"அவருக்கு ஒரு பொண்ணு இருக்காடா. ஏழாவது படிக்கிறா. கையில கிடைக்கிறதையெல்லாம் படிப்பாளாம்."

எழுதவில்லை. அவர் பிழைத்திருந்தால், அன்று அப்பா என்ன நினைத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். பிழைக்கவில்லையென்றால், பார்த்ததை அவள் படிக்கவும் வேண்டாம். முடிவு இல்லாமல் உங்களுக்கு இருப்புக்கொள்ளாது என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.